கட்டி ஓரிடம், கலக்கம் வேறிடம்

கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் சேலைக்கடைகளை ஒட்டி, ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 58. அளவு நாடாவைப் பார்க்காமலே தோள், கை, கழுத்து என்று எடுத்துவிடக்கூடிய பழக்கப்பட்ட கை. ஒரு திங்கட்கிழமை ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைக்கிறார். இரண்டு நாள் கழித்து, தே தாரிக் கிளாஸை எடுக்கப் போன கை கிளாஸைத் தாண்டிப் போய் அதைத் தட்டிவிடுகிறது. அடுத்த வாரம் மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனில் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. "அக்காவுக்கு ஸ்ட்ரோக் போல" என்கிறார்கள் கடையில். மூன்றாவது வாரம் ஒருவழியாக ஜாலான் பகாங்கில் இருக்கும் பொது மருத்துவமனையான ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்பு இல்லை. எம்ஆர்ஐயும் சுத்தம். டாக்டர் தன் கையைத் தள்ளச் சொல்கிறார், அந்தப் பெண் பலமாகத் தள்ளுகிறார். ஆக, பலம் குறையவில்லை. "உங்கள் மூக்கைத் தொடுங்கள்" என்கிறார். விரல் புறப்படும்போது ஒழுங்காகத்தான் புறப்படுகிறது. மூக்கை நெருங்க நெருங்க இடதும் வலதுமாக அலைகிறது. அலைச்சல் அகலமாகிக்கொண்டே போய்க் கன்னத்தில் முட்டி நிற்கிறது. பலத்துக்குக் குறைவில்லை, கணக்குத்தான் தப்புகிறது. அந்தக் கணக்கைப் போடுவது பின்தலையில் இருக்கும் சிறுமூளை.

அடுத்து டாக்டர் கேட்கும் கேள்வி குடும்பத்தாரைத் திடுக்கிட வைக்கும். "மார்பகப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? சினைப்பை ஸ்கேன் எடுத்ததுண்டா?" கை தடுமாறுகிறது என்று வந்தவரிடம் சினைப்பையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

வேகம்தான் காரணம். பக்கவாதம் நிமிடத்தில் வரும். பார்கின்சன், அல்சைமர் போன்றவை வருடக்கணக்கில் மெல்ல ஊரும். நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டு போகும் மூளைக் கோளாறுகள் சிலவே. கிருமித் தொற்று ஒன்று, விட்டமின் குறைபாடு இன்னொன்று. உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தன் நரம்புகளின் மேல் திரும்புவது மற்றொன்று. அப்படித் திரும்பியதற்குப் பின்னால் சில சமயம் எங்கோ ஒரு புற்றுக்கட்டி ஒளிந்திருக்கும்.

கட்டி மூளைக்குப் போகவே இல்லை

புற்றுநோய் நரம்புகளைக் கெடுக்கும் நேர்வழிகள் பல. மூளைக்குப் பரவலாம், முதுகுத்தண்டை அழுத்தலாம், ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவைக் குலைக்கலாம். கீமோ மருந்துகளால் பாதங்கள் மரத்துப் போவதும் பலர் அறிந்ததே. நாம் பேசும் நோய்களில் இவை எதுவும் நடப்பதில்லை. கட்டி சினைப்பையிலோ நுரையீரலிலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய பாதுகாப்புப் படை மூளைக்குப் போய்விடுகிறது. மருத்துவர்கள் இவற்றைப் பாராநியோபிளாஸ்டிக் நரம்பு நோய்கள் என்கிறார்கள்; புற்றுசார் நரம்பு நோய்கள் என்று நாம் சொல்லலாம்.

இவை அரிதானவை. வடகிழக்கு இத்தாலியில் 2009 முதல் 2017 வரையான பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, ஏறக்குறைய முந்நூற்றுச் சொச்சம் புற்றுநோயாளிகளில் ஒருவருக்கு இப்படி நேர்வதாகக் கணக்கிட்டது. ஆனால் வரிசைக்கிரமம் வியப்பானது. பெரும்பாலானோருக்கு நரம்புக் கோளாறுதான் முதலில் வருகிறது. புற்று இருப்பதே அதன்பின் தேடித்தான் தெரியவருகிறது. அப்படிக் கிடைக்கும் கட்டியும் பல நேரம் மிகச் சிறியதாக இருக்கிறது.

இந்தத் தொடர்பை மருத்துவம் புரிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. 1948இல் டெரக் டென்னி-பிரவுன் என்ற நரம்பியல் மருத்துவர், நுரையீரல் புற்று இருந்த இரண்டு நோயாளிகளை விவரித்தார். தொடுஉணர்வைக் கடத்தும் நரம்புச் செல்கள் முதுகுத்தண்டின் ஓரத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும். இருவருக்கும் அந்தச் செல்கள் அழிந்திருந்தன, ஆனால் அங்கே புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. கட்டி ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்றார்கள் சிலர். நரம்புக்குத் தேவையான சத்தைக் கட்டி பிடுங்கிக்கொள்கிறது என்றார்கள் வேறு சிலர். வைரஸ் என்றும் பேசப்பட்டது. 1960களில் பிரிட்டனில் இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் நரம்புத் திசுவில் போய் ஒட்டும் எதிர்ப்பொருள்கள் இருப்பது தென்பட்டது. அதன் முழுப் பொருளும் விளங்க இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

1980களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஜெரோம் போஸ்னரின் குழு இந்த எதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டது. நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையே பெயராக வைத்தார்கள்: ஹு, யோ, ரி. அந்த நோயாளிகள் யார் என்று உலகுக்குத் தெரியாது. அவர்கள் பெயரின் துண்டுகள் மட்டும் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடச் சீட்டுகளில் அச்சாகின்றன.

சோதனை செய்யும் முறையும் பார்க்க அழகானது. எலியின் சிறுமூளையை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் பதித்து, நோயாளியின் ரத்த நீரில் ஒரு துளி விடுகிறார்கள். அதிலுள்ள எதிர்ப்பொருள் தனக்குப் பொருந்தும் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒளிர்சாயம் சேர்க்கிறார்கள். இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்த்தால், ஆரோக்கியமானவரின் துளி பட்ட சீவல் மங்கலாகவே கிடக்கும். யோ எதிர்ப்பொருள் இருக்கும் துளி பட்ட சீவலிலோ, வரிசையாக நிற்கும் பெரிய செல்கள் பச்சையாக ஒளிரும். அவை பர்கின்ஜி செல்கள். நம் சிறுமூளையில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பர்கின்ஜி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் லட்சத்துக்கும் மேலான இணைப்புகளிலிருந்து செய்தி வாங்கி, கை எவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கைச் சரிசெய்து அனுப்புகிறது. தையல்காரப் பெண்ணின் விரல் கன்னத்தில் முட்டியதற்கு இந்தச் செல்கள் செத்துக்கொண்டிருந்ததே காரணம்.

ஒரே துணி

பர்கின்ஜி செல்லுக்குள் இருக்கும் புரதத்தின் மேல், சினைப்பைப் புற்றை எதிர்க்கும் படைக்கு என்ன பகை?

புற்றுச் செல் என்பது மரபணு ஒழுங்கு குலைந்த செல். எந்தெந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது உறங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் தளர்ந்துவிடுகிறது. சினைப்பைச் செல்லுக்குத் தேவையே இல்லாத, நரம்புச் செல்லுக்குரிய புரதங்களைச் சில கட்டிகள் உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. சினைப்பைப் புற்றும் மார்பகப் புற்றும் சில நேரம் யோ எதிர்ப்பொருளோடு தொடர்புடைய சிடிஆர்2 என்ற புரதத்தைச் செய்கின்றன. நுரையீரலின் சிறுசெல் புற்று ஹுடி என்ற நரம்புப் புரதத்தைச் செய்கிறது. மூளையின் உட்புறம் ரத்தத்திலிருந்து வேலியிட்டுப் பிரிக்கப்பட்டிருப்பதால், நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இந்தப் புரதங்களோடு பழக்கமில்லை. வயிற்றுப் பக்கம் திடீரென்று அவற்றைக் காணும்போது அந்நியன் என்று முடிவு கட்டுகிறது. போர் தொடங்குகிறது.

மஸ்ஜித் இந்தியா பாஷையில் சொல்லிவிடலாம். ஒரே துணிக்கட்டிலிருந்து திருடனுக்கு ஒரு சட்டையும், ஊர்ப் பெரியவருக்கு ஒரு சட்டையும் தைத்திருக்கிறார்கள். திருடன் கிழித்துப்போட்ட துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பிய போலீஸ், அதே துணியில் சட்டை போட்ட பெரியவரையும் பிடித்து அடித்துவிடுகிறது.

அடிப்பது யார் என்பதில்தான் நோயாளியின் எதிர்காலம் இருக்கிறது. சிடிஆர்2, ஹுடி இரண்டும் செல்லின் உள்ளே இருப்பவை. எதிர்ப்பொருள்கள் அவ்வளவு சுலபமாகச் செல்லுக்குள் நுழைவதில்லை. யோ வகை நோயில் கொலைகார டி செல்கள் பங்கெடுக்கின்றன என்பதற்கான சான்றை 1998இல் ராபர்ட் டார்னலின் குழு நோயாளிகளின் ரத்தத்திலேயே கண்டது. டி செல் கொன்ற நரம்புச் செல் திரும்ப முளைப்பதில்லை. அதனால் இந்த வகையில் கட்டியை எடுத்தாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும் பல நேரம் நோயை அந்த இடத்தில் நிறுத்தி வைக்க முடிகிறதே தவிர இழந்ததை மீட்க முடிவதில்லை. யோ எதிர்ப்பொருள் உள்ள பெண்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்தக் கொடுமைக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தப் படை கட்டியையும் உண்மையாகவே தாக்குகிறது. 1997இல் பிரான்செஸ்க் கிராவுஸும் சக ஆய்வாளர்களும் சிறுசெல் நுரையீரல் புற்று நோயாளிகள் 196 பேரைப் பரிசோதித்தார்கள். நரம்புக் கோளாறு எதுவும் இல்லாத நிலையிலும் ஆறில் ஒருவர் ரத்தத்தில் ஹு எதிர்ப்பொருள் சிறிதளவு இருந்தது. அவர்களுடைய கட்டிகள் சிகிச்சைக்கு மற்றவர்களுடையதைவிட நன்றாகக் கட்டுப்பட்டன. உடம்பு புற்றைத் தானாகவே எதிர்த்து நிற்கக்கூடியது என்பதற்கு மனிதரிடமே கிடைத்த சான்றுகளில் இது ஒன்று. அந்த எதிர்ப்பு எல்லை தாண்டும் சிலருக்கு மட்டும் மூளை விலை கொடுக்கிறது.

கோலாலம்பூர் ஏற்கெனவே பார்த்தவை

நரம்பில் தெரியும் நோய்க்கு நரம்புக்கு வெளியே காரணம் தேடும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, தளர்ந்து, கடைசியில் இதயம் நிற்கும். வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களுக்கு வந்தது, தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. தொற்று என்றே பலரும் நம்பினார்கள். கோலாலம்பூரில் டாக்டராக இருந்த வில்லியம் பிளெட்சர் 1905இன் இறுதியில் இங்கிருந்த மனநலக் காப்பகத்தில் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய சயாம் அரிசி, மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. தொற்று கட்டடத்தில் இருக்குமோ என்ற சந்தேகம் தீர, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். தீட்டிய அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் புதிதாக நோய் வரவில்லை. புழுக்கும்போது தவிட்டின் பி1 விட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. நோய் தெரிந்தது காலில், இருந்தது சோற்றுப் பானையில்.

இரண்டாவது பாடம் 1998–99இல் கிடைத்தது. ஈப்போ பக்கத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி, கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய்வாய்ப்பட்டவர்களில் அதிகம் பேர் பன்றிப் பண்ணையில் வேலை செய்த வயதுவந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரில் அது நிப்பா ஆயிற்று. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள்.

இரண்டு முறையும் முதல் விடை தவறு. இரண்டு முறையும் யாருக்கு வருகிறது, எப்படி வருகிறது என்று கவனித்தவர்களுக்கே உண்மை பிடிபட்டது. மூன்றாவது பாடம், கிருமியே இல்லாத மூளைக்காய்ச்சல்.

பேயும் இல்லை, தஞ்சோங் ரம்புத்தானும் இல்லை

மலேசியாவில் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்ய "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற ஊர்ப் பெயரே போதும். பேராக்கில் 1911இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. இருபது வயதுப் பெண் ஒருத்தி சில நாள் தலைவலி, காய்ச்சலுக்குப் பிறகு தூங்காமல், தொடர்பில்லாமல் பேசி, யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறினால், நம் குடும்பங்களில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். முதலில் கோயில், பூசாரி, எலுமிச்சம்பழம். சில வீடுகளில் போமோ எனும் மலாய் மந்திரவாதி. பிறகு மனநல மருத்துவர். இதற்கிடையில் வலிப்பு வருகிறது. வாய் தன்னிச்சையாக மெல்லுவதுபோல் அசைகிறது, நாக்கு சுழல்கிறது. பேச்சு நின்று, மூச்சும் தடுமாறி, ஐ.சி.யு.வில் சேர்க்கும் நிலை வருகிறது.

இப்படிப்பட்ட பெண்கள் 12 பேரை 2007இல் ஜோசப் டால்மாவின் குழு ஒன்றாக வைத்துப் பார்த்தது. கட்டி எல்லோருக்கும் இருந்தது. 11 பேருக்குச் சினைப்பையில். அது டெரட்டோமா வகைக் கட்டி, நம்மூரில் டெர்மாய்டு சிஸ்ட் என்று கேள்விப்படுவது. பெரும்பாலும் அது புற்று இல்லாத சாதாரணக் கட்டிதான். கருமுட்டைச் செல் எந்தத் திசுவாகவும் வளரக்கூடியது என்பதால் இதை வெட்டிப் பார்த்தால் முடி, கொழுப்பு, சில நேரம் பல்கூட இருக்கும். இந்த நோயாளிகளின் கட்டிகளுக்குள் நரம்புத் திசுவும் இருந்தது. அந்தத் திசுவில் இருந்த என்எம்டிஏ ஏற்பியை அந்நியனாகக் கருதி உடம்பு எதிர்ப்பொருள் செய்தது. நினைவு, சிந்தனை, நடத்தை எல்லாவற்றுக்கும் மூளை பயன்படுத்துவதும் அதே ஏற்பியைத்தான்.

முக்கியமான வித்தியாசம் இங்கே இருக்கிறது. என்எம்டிஏ ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. எதிர்ப்பொருள் அதில் ஒட்டியதும், இரண்டிரண்டாகப் பிணைத்து இழுக்க, ஏற்பிகள் செல்லுக்குள் போய்விடுகின்றன. செல் சாவதில்லை. எதிர்ப்பொருளை அகற்றினால் ஏற்பிகள் மீண்டும் மேலே வருகின்றன. கட்டியை அறுத்து எடுத்து, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்த நீர் மாற்று, தேவைப்பட்டால் ரிட்டுக்சிமாப் என்று சிகிச்சை கொடுத்தால், கோமாவில் கிடந்த பெண் மாதங்கள் கழித்து எழுந்து வேலைக்குப் போக முடியும். 2013இல் வெளியான, 577 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். 38 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்தது, அதில் ஏறக்குறைய எல்லாமே சினைப்பை டெரட்டோமா. இரண்டாண்டு முடிவில் பத்தில் எட்டுப் பேர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். அந்த 38 விழுக்காட்டினரைத் தவிர மற்றவர்களுக்குக் கட்டி எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு எதிர்ப்பொருள் உருவான காரணம் வேறு.

இது எவ்வளவு காலமாக நம் கண் முன்னால் இருந்திருக்கும்? கலிபோர்னியாவில் காரணம் தெரியாத மூளை அழற்சிகளைத் தொகுத்த ஒரு திட்டத்தில், 30 வயதுக்குட்பட்டவர்களிடம் எந்தத் தனி வைரஸைவிடவும் இந்த நோயே அதிகம் காணப்பட்டது. விலங்குகளுக்கும் வருகிறது. பெர்லின் விலங்குக்காட்சிச்சாலையில் உலகமே கொண்டாடிய க்னூட் என்ற பனிக்கரடி, 2011இல் பார்வையாளர் கண்ணெதிரே வலிப்பு வந்து குளத்தில் விழுந்து இறந்தது. நான்கு வருடம் கழித்து அதன் மூளை நீரில் இதே எதிர்ப்பொருள் இருந்தது உறுதியாயிற்று.

மலேசிய மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1900இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.ஆர். எனும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்த எதிர்ப்பொருள் சோதனைகளைச் செய்து வந்திருக்கிறது. தேவைப்படுவது முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் எடுக்கும் சில மில்லி நீர்.

சதையில் எழுதிய குறிப்பு

எதிர்ப்படை மூளையோடு நிற்பதில்லை. நரம்பு தசையைத் தொடும் முனையிலும் அது கை வைக்கிறது. நுரையீரலின் சிறுசெல் புற்று உள்ள சிலருக்கு, நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயில்களை எதிர்ப்பொருள் தாக்குகிறது. லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்று பெயர். தொடை தளர்ந்து, நாற்காலியிலிருந்து எழ முடியாது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டுகிறார், கால் அசையவில்லை. பத்து விநாடி காலை முழு பலத்தோடு நீட்டி அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி தட்டுகிறார். இப்போது கால் துள்ளுகிறது! அந்தப் பத்து விநாடியில் நரம்பு முனையில் சிறுகச் சிறுகக் கால்சியம் சேர்ந்ததுதான் மாயம். இது எதிர்ப்பொருளின் வேலை என்று 1981இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். நோயாளியின் எதிர்ப்பொருளை எலிக்குச் செலுத்தியபோது எலியின் நரம்பு முனையும் அதே குறையைக் காட்டியது.

இதற்கு நேர்மாறானது மையஸ்தீனியா. காலையில் தெளிவாக இருக்கும் கண்ணிமை மாலையில் தொங்கும்; உழைக்க உழைக்கத் தசை சோரும். இந்நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கோ சற்று அதிகமானவர்களுக்கோ நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். அதனால்தான் கண்ணிமை தொங்குகிறது என்று வருபவருக்கு நெஞ்சு ஸ்கேன் எழுதுகிறார்கள்.

மலேசியாவுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. டெர்மாடோமையோசிடிஸ் என்ற நோயில் நோயெதிர்ப்பு மண்டலம் தோலையும் தசையையும் தாக்குகிறது. இமைகளில் ஊதா நிறம் படரும், விரல் கணுக்களில் தடிப்பு வரும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. நேர் பொருளில் இது நரம்பு நோய் அல்ல; ஆனால் பலவீனம் என்று சொல்லி நோயாளி வந்து நிற்பது பல நேரம் நரம்பியல் மருத்துவரிடம்தான். மேலை நாடுகளில் இதைக் கண்டால் சினைப்பை, நுரையீரல் போன்ற இடங்களில் புற்றைத் தேடுவார்கள். தென்கிழக்காசியாவிலும் தென்சீனத்திலும் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டை. மூக்குத்தொண்டைப் புற்று இங்கே சீனர்களிடமும், அதைவிட அதிகமாகச் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் காணப்படுகிறது.

அவிழ்த்து விட்ட கயிறு

இதுவரை சொன்னது தற்செயலாக நடப்பது. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக மருத்துவர்கள் நோயெதிர்ப்பின் இதே சக்தியைப் புற்றுக்கு எதிராக வேண்டுமென்றே தூண்டிவிடுகிறார்கள். டி செல்கள் கட்டுமீறிப் போகாதிருக்க உடம்பு சில தடைகளை வைத்திருக்கிறது. சிடிஎல்ஏ-4 என்ற தடையை நீக்கினால் எலிகளின் கட்டி கரைவதை ஜேம்ஸ் அலிசன் காட்டினார். பிடி-1 என்ற தடையை 1992இல் கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோ கண்டுபிடித்தார். 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அதிலிருந்து வந்தவை. மெலனோமா, நுரையீரல் புற்று என்று முன்பு கைவிடப்பட்ட நோயாளிகள் சிலர் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் புற்றுநோய்ப் பிரிவுகளிலும் இம்யூனோதெரபி என்ற சொல் இன்று புழக்கத்தில் இருக்கிறது.

தடையை நீக்கினால் படை கட்டியோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த மருந்து எடுப்பவர்களில் நூற்றில் ஓரிருவருக்குக் கடுமையான நரம்புச் சிக்கல் வருகிறது: மையஸ்தீனியா, தசை அழற்சி, கில்லன்-பாரே, மூளை அழற்சி. முதல் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இமை தொங்கி, பார்வை இரண்டாகி, கழுத்து தலையைத் தாங்காமல் போனால் அது அவசரம். அதே வேளையில் இதயத் தசையும் தாக்கப்பட்டிருக்கலாம். அந்தச் சேர்க்கை உயிரைப் பறிக்கக்கூடியது. மருந்தை நிறுத்தி அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் பலர் தப்புகிறார்கள். ஆனால் நோயாளி போய் நிற்கும் பக்கத்துக் கிளினிக்கில், புற்றுக்கு என்ன மருந்து எடுக்கிறார் என்பதே தெரியாமல் இருந்தால் வயதானவருக்கு வந்த களைப்பு என்று எம்.சி. எனும் விடுப்புச் சீட்டும் விட்டமினும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசி ஊசி போட்டுச் சில மாதம் ஆகியிருந்தாலும் இந்த விளைவுகள் வரலாம். அதனால் மருந்தின் பெயர் எழுதிய அட்டையை இம்யூனோதெரபி எடுத்தவர் பர்ஸிலேயே வைத்திருப்பது நல்லது.

கை நடுங்கினால் புற்று என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. மிகமிகப் பெரும்பாலான நடுக்கத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் வேறு காரணங்கள்தான். நாளொரு படியாகச் சரிவதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தச் சந்தேகம் வந்துவிட்டால், முதல் ஸ்கேன் சுத்தமாக வந்ததோடு மருத்துவர்கள் விடுவதில்லை. உடல் முழுவதும் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டி கிடைக்காவிட்டால், ஆபத்து அதிகமுள்ள எதிர்ப்பொருள் இருப்பவர்களுக்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் தேடுகிறார்கள். எதிர்ப்பொருள் சோதனையின் முடிவு வர நாளாகும் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் அதற்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். நரம்புச் செல் இறந்துபோன பிறகு கிடைக்கும் சரியான விடையால் யோ நோயாளிக்குப் பயன் குறைவு.

வீட்டாரிடமிருந்து மருத்துவருக்கு வேண்டியது மிகச் சாதாரணமானது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது என்றைக்கு? பேச்சு குழறியது அதற்கு எத்தனை நாள் கழித்து? தலைவலியும் காய்ச்சலும் முதலில் வந்தனவா, மனக்குழப்பம் முதலில் வந்ததா? சில மாதமாக எடை குறைந்ததா? காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்லத் தெரிந்த குடும்பம், டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது.